பணம் கிடைக்கும்போது வாங்கி வைத்தவர்கள்: 2000-ம் வருட டாட்காம் கதை

செமஸ்டர் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது பெரியம்மா மகள் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். அவள் மூணு வருஷமாக வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் சுங்குடிப் புடவை விற்கிறாள். சின்னாளப்பட்டியில் ஒரு மொத்த வியாபாரியிடம் எடுப்பாள், வாட்ஸப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் படம் போடுவாள், சின்னதாக ஒரு வெப்சைட்டும் உண்டு. "நகையை வச்சு ரெண்டு லட்சம் எடுக்கலாம்னு இருக்கேன். ஆனா எல்லாரும் மார்க்கெட் டல்லாகப் போகுதுங்கிறாங்க. நீ பி.காம். படிக்கிறியே, எடுக்கலாமா வேணாமா, சொல்லு" என்றாள்.

மூன்றாம் வருட பி.காம். மாணவனிடம் இப்படிக் கேள்வி கேட்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்று அக்காவுக்குத் தெரியவில்லை :-) இருப்புநிலைக் குறிப்பு இரண்டு பக்கமும் சமமாக வந்துவிட்டாலே நான் கோயிலுக்குப் போகிற ரகம். "படிச்சுட்டுச் சொல்றேன்க்கா" என்று தப்பித்துக்கொண்டு வந்தேன். அப்புறம் நிஜமாகவே படிக்க ஆரம்பித்தேன். வருங்காலம் எனக்குத் தெரியாது. ஆனால் இதே மாதிரி இன்டர்நெட்டில் கடை விரித்தவர்கள் மேல் ஒரு முறை வானமே இடிந்து விழுந்திருக்கிறது. அதில் யார் பிழைத்தார்கள், எப்படிப் பிழைத்தார்கள் என்பதைப் பார்க்கலாம் அல்லவா? அந்தப் பழைய கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க.

தேதியிலிருந்து தொடங்குகிறேன். 2000 மார்ச் 10. அமெரிக்காவின் நாஸ்டாக் குறியீடு அன்றைக்கு 5,048 புள்ளியில் முடிந்தது. அதற்கு முந்தைய ஓரிரு வருடங்களில் பெயருக்குப் பின்னால் 'டாட் காம்' என்று இருந்தாலே போதும், லாபம் பற்றி யாரும் கேட்கவில்லை. அந்த மார்ச்சுக்குப் பின் சரிவு. நடுநடுவே கொஞ்சம் எழுந்தாலும் மொத்தத்தில் இறங்கிக்கொண்டே இருந்து, 2002 அக்டோபரில் 1,114-க்கு வந்து நின்றது. நூறு ரூபாய் போட்டவனுக்கு இருபத்திரண்டு ரூபாய் மிஞ்சியது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய உச்சத்தை மறுபடி தொட 2015 ஆகிவிட்டது. அந்த உச்சத்தின் போது பிறந்த குழந்தை பத்தாம் வகுப்புக்கு வந்திருக்கும்.

இதில் செத்தவர்களின் கதை எல்லோருக்கும் தெரியும், அதனால் வேகமாகக் கடந்து விடுகிறேன். வெப்வேன் என்று ஒரு கம்பெனி, வீட்டுக்கே மளிகை கொண்டுவந்து தருவதாகச் சொல்லி 1999 நவம்பரில் பங்கு வெளியிட்டு 37.5 கோடி டாலர் திரட்டியது. ஒரு ஊரில் லாபம் வருகிறதா என்று பார்ப்பதற்கு முன்பே 26 ஊர்களில் ராட்சத கிடங்கு கட்டத் திட்டம். 100 கோடி டாலருக்குக் கட்டுமான ஒப்பந்தம். 2001 ஜூலையில் கதவைச் சாத்திவிட்டது. லண்டனின் பூ டாட் காம், துணி விற்றது, 2000 மே மாதமே போய்விட்டது.

பெட்ஸ் டாட் காம் மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. நாய், பூனைக்குத் தீனி விற்ற கடை. காலுறையில் செய்த ஒரு நாய் பொம்மையை வைத்து அமெரிக்கா முழுக்க விளம்பரம் செய்தார்கள், பொம்மை பெரிய ஸ்டார் ஆகிவிட்டது. 2000 பிப்ரவரியில் பங்கு வெளியீடு, நவம்பரில் மூடுவிழா. ஒன்பதே மாதம். அவர்கள் கணக்கை நான் இரண்டு முறை படித்தேன், நம்ப முடியவில்லை. 1999 பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை விற்பனை சுமார் 6 லட்சத்து 19 ஆயிரம் டாலர். அதே காலத்தில் விளம்பரச் செலவு 1 கோடியே 18 லட்சம் டாலர். அதாவது ஒரு ரூபாய்க்கு விற்க பத்தொன்பது ரூபாய் விளம்பரம். போதாக்குறைக்கு, வாங்கின விலையை விடக் குறைத்து விற்றார்கள். நாய்த் தீனி மூட்டை கனம் வேறு, அனுப்புகிற செலவே லாபத்தைத் தின்றுவிடும். ஒவ்வொரு மூட்டைக்கும் நஷ்டம் என்றால் அதிகமாக விற்க விற்க என்ன ஆகும்? இதைக் கண்டுபிடிக்க பி.காம். கூட வேண்டாம், எங்கள் தெரு பெட்டிக்கடைத் தாத்தா போதும். (இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அக்காவிடம் திரும்பிப் போகும்போது தேவைப்படும்.)

சரி, பிழைத்தவர்களுக்கு வருவோம்.

அமேசான் இன்றைக்கு யானை. அன்றைக்கு அதுவும் நஷ்டத்தில் ஓடிய ஒரு புத்தகக் கடைதான், கொஞ்சம் பெரிய கடை. 1999 டிசம்பரில் 100 டாலருக்கு மேல் இருந்த அதன் பங்கு 2001 செப்டம்பர், அக்டோபர் வாக்கில் 6 டாலருக்கும் கீழே போனது. அப்படியும் சாகவில்லை. ஏன்? ஜெஃப் பெசோஸின் தொலைநோக்கு என்று புத்தகங்களில் எழுதுவார்கள். இருக்கலாம். ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒரு சாதாரணமான விஷயம். 2000 பிப்ரவரியில், அதாவது சந்தை உச்சத்தைத் தொடுவதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, அமேசான் ஐரோப்பாவில் கடன் பத்திரம் விற்று 69 கோடி யூரோ வாங்கி வைத்துக்கொண்டது. வட்டி 6.875 சதவீதம். பத்து வருடத் தவணை. அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்துக் கேட்டிருந்தால் வட்டி கூடியிருக்கும், ஆறு மாதம் கழித்துக் கேட்டிருந்தால் யாராவது கதவையே திறந்திருப்பார்களா தெரியாது.

அவர்கள் சரிவை முன்கூட்டியே கணித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். அதிர்ஷ்டமும் உண்டு. ஆனால் தேவைப்படும் முன்பே, எளிதாகக் கிடைக்கும் நேரத்தில் வாங்கிவிட்டார்கள் என்பது உண்மை. வாங்கியதோடு நிற்கவில்லை. 2001 ஜனவரியில் 1,300 பேரை, அதாவது மொத்தத்தில் 15 சதவீதம் பேரை, வேலையிலிருந்து எடுத்தார்கள். சில இடங்களை மூடினார்கள். 2001-ன் கடைசிக் காலாண்டில் முதல் முறையாக லாபம் காட்டினார்கள்: 50 லட்சம் டாலர். 110 கோடிக்கு மேல் விற்று 50 லட்சம்! எங்கள் ஊர் இட்லிக் கடையில் கூட சதவீதம் இதைவிட நன்றாக இருக்கும். ஆனாலும் அது லாபம். (வேலை போன அந்த 1,300 பேருக்கு இந்தக் கதை எப்படித் தெரிந்திருக்கும் என்பது வேறு கேள்வி. பிழைத்த கம்பெனியின் வரலாற்றை எழுதுவது கம்பெனிதான்.)

இந்த அமேசான் கதையில் ஒரு இந்தியப் பெயர் வருகிறது. ரவி சூரியா. லேமன் பிரதர்ஸில் கடன் பத்திரங்களை ஆராய்கிற இளைஞர். 2000 ஜூனில் அவர் ஒரு அறிக்கை எழுதினார்: புதுப் பணம் வராவிட்டால் அமேசானின் கையிருப்பு ஒரு வருடத்துக்குள் தீர்ந்துவிடும் என்று. அறிக்கை வந்தவுடன் பங்கு விலை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு விழுந்தது. அமேசான் திவாலாகவில்லை என்பதால் இன்றைக்கு அவரைக் கிண்டல் செய்கிறவர்கள் உண்டு. ஆனால் அவர் கையை வைத்த இடம் சரியான இடம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதைக் கொஞ்சம் விளக்குகிறேன், நம் பாடத்தில் 'நடைமுறை மூலதனம்' என்று தூங்கிக்கொண்டே படித்தோமே, அதுதான்.

அமேசானில் நீங்கள் புத்தகம் வாங்கினால் கிரெடிட் கார்டு பணம் உடனே அவர்களுக்கு வந்துவிடும். பதிப்பகத்துக்கு அவர்கள் பணம் கொடுப்பது பல வாரம் கழித்து. நடுவில் உள்ள நாட்களில் அடுத்தவன் பணம் உங்கள் கையில் சும்மா இருக்கிறது, வட்டி கிடையாது. விற்பனை வளர வளர இந்தச் சும்மா பணமும் வளரும். பார்க்கிறவனுக்குக் கல்லாப் பெட்டி நிறைந்திருப்பது போலத் தெரியும். லாபமே இல்லாவிட்டாலும் தெரியும்! இதுதான் ஆன்லைன் கடையின் பெரிய வசதி, பெரிய பொறியும் அதுவே. ஏனென்றால் மந்தம் வந்து விற்பனை குறைந்தால் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றும். இந்த மாதம் வருகிற கொஞ்சப் பணத்தில் போன மாதத்துப் பெரிய பாக்கியைக் கட்ட வேண்டும். அந்த நேரம் பார்த்து, "இவன் கடை ஆடுகிறதாம்" என்ற பேச்சு சரக்குக் கொடுப்பவர் காதில் விழுந்தால், அவர் "இனிமேல் ரொக்கம்" என்பார். சூரியா பயந்தது இதற்குத்தான். அமேசானுக்குப் பதிப்பகங்கள் கடனை நிறுத்தவில்லை, கையில் அந்த ஐரோப்பியப் பணம் இருந்தது, அதனால் பிழைத்தது. சூரியா வேலை பார்த்த லேமன் பிரதர்ஸ், 2008 செப்டம்பரில், கடன் கொடுத்தவர்களின் நம்பிக்கை ஒரே வாரத்தில் போனதால் விழுந்தது. வரலாற்றுக்கு இப்படியெல்லாம் விளையாடப் பிடிக்கும் போலிருக்கிறது.

*

அமேசானைப் பற்றிப் படித்தால் அக்காவுக்கு என்ன பிரயோஜனம், 69 கோடி யூரோவை யார் கொடுப்பார்கள் என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அதனால் நம் ஊருக்கு வருகிறேன். இந்தியாவிலும் அந்த அலை அடித்தது. 1999 அக்டோபரில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே, அதாவது சிஃபி, நாஸ்டாக்கில் பட்டியலானது. அடுத்த மாதமே மும்பையில் ராஜேஷ் ஜெயின் நடத்திவந்த இந்தியாவேர்ல்டு என்ற சின்ன கம்பெனியை 499 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. அன்றைக்கு எத்தனை பேர் வேலையை விட்டுவிட்டு டாட்காம் ஆரம்பித்திருப்பார்களோ! ஒரு வருடம் கூட முழுசாக ஓடவில்லை கொண்டாட்டம்.

இந்தக் கூட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது நௌக்ரி டாட் காம். சஞ்சீவ் பிக்சந்தானி, அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் படித்தவர், ஹார்லிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். அங்கே ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஆபீசில் 'பிசினஸ் இந்தியா' பத்திரிகை வந்தால் எல்லோரும் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டுவார்கள். அங்கேதான் வேலை விளம்பரங்கள். இருக்கிற வேலையில் சந்தோஷமாக இருப்பவன் கூட அடுத்த வேலை விளம்பரத்தைப் பார்க்காமல் இருக்க மாட்டான். 1990-ல் வேலையை விட்டார். வீட்டுச் செலவு பெரும்பாலும் மனைவியின் சம்பளத்தில். தில்லியில் அப்பா வீட்டின் வேலைக்காரர் அறைதான் ஆபீஸ், அதற்கும் அப்பாவுக்கு மாதம் 800 ரூபாய் வாடகை கொடுத்தார். கல்லூரிகளில் பாடம் எடுத்தார், பத்திரிகையில் வேலைவாய்ப்பு இணைப்புக்கு ஆசிரியராக இருந்தார். இப்படியே ஏழு வருடம்.

1996-ல் தில்லியில் ஒரு கணினிக் கண்காட்சிக்குப் போனவர், ஒரு கடையில் முதல் முறையாக இன்டர்நெட்டைப் பார்த்தார். சர்வர் அமெரிக்காவில்தான் கிடைக்கும், மாதம் 25 டாலர். அங்கே பேராசிரியராக இருந்த அண்ணன் அதைக் கட்டினார், பதிலுக்கு அவருக்குக் கம்பெனியில் 5 சதவீதப் பங்கு. (அந்த 5 சதவீதம் பின்னால் என்ன விலை போயிருக்கும் என்று யோசித்தால் தலை சுற்றுகிறது. யாருக்காவது சர்வர் வாடகை கட்ட வேண்டுமென்றால் என்னிடம் சொல்லுங்கள்.) புரோகிராம் எழுதியவருக்கும் சம்பளம் இல்லை, பங்குதான். 29 செய்தித்தாள்களிலிருந்து ஆயிரம் வேலை விளம்பரங்களைத் தட்டச்சு செய்து 1997-ல் தளத்தைத் தொடங்கினார்கள். அப்போது நாடு முழுவதும் இன்டர்நெட் கணக்குகள் 14,000 தான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

ஒரு விளம்பரத்துக்கு 350 ரூபாய். வருடம் முழுக்க எத்தனை வேண்டுமானாலும் போட 6,000 ரூபாய். முதல் வருட வரவு 2 லட்சத்து 35 ஆயிரம். இரண்டாம் வருடம் 18 லட்சம். மூன்றாம் வருடம் 36 லட்சம். இந்த எண்களை மேலே சொன்ன 37.5 கோடி டாலர் வகையறாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள், சிரிப்பு வரும். ஆனால் இந்த வரவு வாடிக்கையாளரிடமிருந்து வந்த வரவு. முதலீட்டாளரிடமிருந்து வந்ததில்லை.

பெரிய விளம்பரச் செலவோடு போட்டித் தளங்கள் கிளம்பியபோதுதான் அவர் வெளி முதலீட்டைத் தேடினார். 2000 ஏப்ரலில் ஐ.சி.ஐ.சி.ஐ. வென்ச்சர்ஸ் 15 சதவீதப் பங்குக்குச் சுமார் 7.3 கோடி ரூபாய் கொடுத்தது. நாஸ்டாக் உடைந்து விழுந்துகொண்டிருந்த அதே ஏப்ரல். மூன்று மாதம் தாமதித்திருந்தால் அந்தப் பணம் வந்திருக்குமா என்பது சந்தேகமே. இங்கே ஒரு திருப்பம். போட்டியாளர்கள் மாதிரி டி.வி.யில் விளம்பரம் கொடுத்து அவர் அதைக் கரைக்கவில்லை. பெரும்பகுதியை வங்கியில் ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டார்! நம் வீட்டுப் பெரியவர்கள் ஓய்வூதியப் பணத்தை வைத்து என்ன செய்வார்களோ அதையே. செலவு செய்ததை விற்பனை ஆட்களுக்குச் செய்தார். ஹிந்துஸ்தான் லீவரிலிருந்து வந்து சேர்ந்த ஹிதேஷ் ஓபராய் அந்தப் படையைக் கட்டினார். கம்பெனி கம்பெனியாகக் கதவைத் தட்டி, "உங்கள் வேலை விளம்பரத்தை எங்களிடம் போடுங்கள்" என்று கேட்கிற ஆட்கள். ஆன்லைன் கம்பெனி, ஆனால் விற்பது நேரில் நடந்து போய்.

மந்த காலத்தில் வேலை விளம்பரமே குறையுமே, அப்புறம் எப்படி வேலைத் தளம் பிழைக்கும் என்று எனக்கும் சந்தேகம் வந்தது. என் ஊகம் இது: ஆள் எடுப்பதைக் குறைத்த கம்பெனி, எடுக்கிற பத்துப் பேருக்குப் பத்திரிகையில் ஆயிரக்கணக்கில் செலவழித்து விளம்பரம் கொடுக்க யோசிக்கும். அப்போது 350 ரூபாய் ஆள் வாசலில் நின்றால் உள்ளே கூப்பிடும். மந்தத்தில் மலிவான மாற்றுக்கு ஒரு வாய்ப்பு உண்டு, அந்த மாற்றை விற்பவன் அதுவரை உயிரோடு இருந்தால்.

இருந்தார்கள். 2004-ல் முக்கியப் போட்டியாளரான ஜாப்ஸ்அஹெட்டை மான்ஸ்டர் வாங்கிக்கொண்டது. நௌக்ரியின் தாய்க் கம்பெனி இன்ஃபோ எட்ஜ் 2006 நவம்பரில் பங்கு ஒன்று 320 ரூபாய்க்கு வெளியிட்டு மும்பைச் சந்தையில் பட்டியலானது.

நம் சென்னைக்காரர் ஒருவரும் இதே காலத்தில் இருக்கிறார். முருகவேல் ஜானகிராமன். சென்னைத் துறைமுகத் தொழிலாளியின் மகன், மாநிலக் கல்லூரியில் புள்ளியியல், அப்புறம் எம்.சி.ஏ. அமெரிக்காவில் மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டே 1997-ல் தமிழர்களுக்காக ஒரு தளம் நடத்தினார். பண்டிகை நாள்காட்டி, வாழ்த்து அட்டை எல்லாம் இருந்தாலும் கூட்டம் முழுவதும் வரன் தேடும் பகுதியில்தான். அதைத் தனியாகப் பிரித்தார், அது பாரத் மேட்ரிமோனி ஆனது. டாட்காம் சரிவில் அவருக்கு அமெரிக்க வேலை போனது. அதன் பிறகுதான் இதில் முழுநேரமாக இறங்கினார்! ஊரே கடையை மூடுகிற நேரத்தில் ஒருவர் திறக்கிறார். ஆனால் யோசித்துப் பாருங்கள், அவர் கடைக்கு அதுவரை சம்பளச் சுமை இல்லை, வேலைச் சம்பளத்தில் ஓட்டியிருந்தார். சந்தை விழுந்தாலும் நம் ஆட்கள் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதை நிறுத்த மாட்டார்கள். 2006-ல் யாஹூவும் இன்னொரு முதலீட்டு நிறுவனமும் பணம் போட்டன, 2017-ல் பங்குச் சந்தைக்கு வந்தது. தன் தளத்திலேயே அவருக்குப் பெண் கிடைத்தது என்பது உபரித் தகவல். தன் சரக்கைத் தானே பயன்படுத்திய வியாபாரி!

இனி கொஞ்சம் கசப்பான கதை. பெங்களூரில் 1999-ல் வைத்தீஸ்வரன் உள்ளிட்ட ஆறு பேர் சேர்ந்து ஃபேப்மார்ட் என்ற ஆன்லைன் கடை தொடங்கினார்கள். பாட்டு கேசட், சிடி, பிறகு புத்தகம், அப்புறம் மளிகை. நாட்டில் இன்டர்நெட் இருந்தவர்களே கொஞ்சம், அதில் கிரெடிட் கார்டு இருந்தவர்கள் அதைவிடக் கொஞ்சம். சரிவு வந்து முதலீட்டுக் கதவுகள் மூடியபோது அவர்கள் எடுத்த முடிவு வித்தியாசமானது. தெருவில் நிஜமான கடை திறந்தார்கள். 2002-ல் ஃபேப்மால் சூப்பர் மார்க்கெட். ஆன்லைன் கம்பெனி செங்கல் கடைக்கு இறங்கி வருவதா என்று அன்றைக்குச் சிரித்திருப்பார்கள். ஆனால் மளிகைக் கடையில் தினமும் கல்லாவில் ரொக்கம் விழும். அந்தக் கடைகள் பெருகி, கடைசியில் ஆதித்ய பிர்லா குழுமம் வாங்கிக்கொண்டது. இப்போது 'மோர்' என்ற பெயரில் பார்க்கிறோமே, அதன் வேர்களில் ஒன்று இது.

பிறகு பாதை இரண்டாகப் பிரிந்தது. வைத்தீஸ்வரன் ஆன்லைன் பகுதியை எடுத்துக்கொண்டு இந்தியாபிளாசா என்ற பெயரில் நடத்தினார். 2001-ன் புயலைத் தாண்டிய கடை அது. 2008-ஐயும் தாண்டியது. ஆனால் 2013-ல் மூடப்பட்டது. எதிரில் நூற்றுக்கணக்கான கோடி முதலீட்டோடு வந்த புதியவர்கள் அடக்க விலைக்குக் கீழே விற்றுக்கொண்டிருந்தார்கள், இவருக்கு அடுத்த கட்ட முதலீடு கிடைக்கவில்லை, சரக்குக் கொடுத்தவர்கள் பாக்கிக்கு நின்றார்கள். அந்த அனுபவத்தை அவரே பின்னால் புத்தகமாக எழுதினார். மற்ற கூட்டாளிகள் சிலர் 2011-ல் பிக்பாஸ்கெட் தொடங்கினார்கள். முன்பு வெப்வேன் தோற்ற அதே மளிகையில்.

இந்தக் கதை என்னைத் தொந்தரவு செய்தது. சிக்கனமாக இரு, பிழைப்பாய் என்று நௌக்ரி கதையை வைத்துக்கொண்டு அக்காவுக்கு உபதேசம் செய்யக் கிளம்பியிருந்தேன். சிக்கனமாகவே இருந்து ஒரு பெரும் சரிவைத் தாண்டியவரையும், பன்னிரண்டு வருடம் கழித்து, நல்ல காலத்தில், காசை வாரி இறைப்பவன் வந்து காலி செய்துவிட முடிகிறதே! மந்தம் மட்டுமே எதிரி இல்லை.

*

போன ஞாயிறு மறுபடி அக்கா வீட்டுக்குப் போனேன். இந்த முறை கதை சொல்லவில்லை, "கணக்கு நோட்டைக் கொடு" என்றேன். கணக்கு நோட்டு என்பது பழைய பள்ளிக்கூட ரஃப் நோட்டு. பாதிப் பக்கம் புடவைக் கணக்கு, பாதிப் பக்கம் பால் கணக்கு.

மாதம் 165 ஆர்டர். புடவைக்கு 140 ரூபாய் நிற்கிறது. அதனால் மாதம் 23,100 ரூபாய் லாபம் என்பது அக்காவின் கணக்கு. நான் கேட்டேன், "திரும்பி வர்றது எத்தனைக்கா?" ஏறக்குறைய எல்லாமே பொருள் கையில் வந்ததும் பணம் கொடுக்கிற ஆர்டர்கள். கூரியர்காரர் போகும்போது வீடு பூட்டியிருக்கும், அல்லது "வேணாம்ப்பா" என்பார்கள். நூற்றுக்கு 22 திரும்புகிறது. ஒவ்வொன்றுக்கும் போக வர கூரியர் செலவு 130 ரூபாய் அக்கா தலையில். ஆக நூறு ஆர்டருக்கு 78 புடவையில் வருவது 10,920, திரும்பியதில் போவது 2,860. மிச்சம் 8,060. ஒரு ஆர்டருக்கு 140 இல்லை, 80 ரூபாய் 60 காசு.

அப்புறம் நிலையான செலவு. பேக்கிங் பண்ணும் பெண்ணுக்கு 6,000, வெப்சைட்டுக்கு 1,400, இன்ஸ்டாகிராம் விளம்பரம் 5,000. மொத்தம் 12,400. 165 ஆர்டரில் வருவது 13,299. கழித்தால் 899 ரூபாய்.

மூணு தடவை கூட்டிப் பார்த்தோம். அக்கா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப மாசாமாசம் பிள்ளைங்க ஸ்கூல் வேன் ஃபீஸ் எல்லாம் எதுலேர்ந்துடா கட்டுனேன்?" என்றாள். அதற்குப் பதில் எனக்குத் தெரிந்திருந்தது, சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது. சின்னாளப்பட்டிக்காரர் 45 நாள் கடன் கொடுக்கிறார். கூரியரிடமிருந்து பணம் பத்துப் பன்னிரண்டு நாளில் வந்துவிடுகிறது. நடுவில் ஒரு மாதம் அவர் பணம் அக்கா கையில். விற்பனை மூணு வருஷமாக வளர்ந்துகொண்டே வந்ததால் அந்தப் பணமும் வளர்ந்துகொண்டே வந்தது. வேன் ஃபீஸ் கட்டியது அதிலிருந்துதான். அவருக்கான பாக்கி ஏறிக்கொண்டே போனதால்தான் இப்போது நகையை வைக்கத் தோன்றியிருக்கிறது. ரவி சூரியா எழுதியது இந்த நோட்டைப் பார்த்து எழுதிய மாதிரியே இருந்தது.

154 ஆர்டருக்குக் கீழே போனால் நஷ்டம். 165-ல் பதினோரு ஆர்டர் குறைய மந்தம் எதற்கு, நாலு நாள் மழை போதும்.

விளம்பரத்தால் எத்தனை ஆர்டர் வருகிறது என்று கேட்டேன். முப்பது இருக்கும் என்றாள், மற்றதெல்லாம் பழைய வாடிக்கையும் அவர்கள் சொல்லி வருகிறவர்களும். முப்பது ஆர்டரில் வருவது 2,418 ரூபாய். அதற்குச் செலவு 5,000. காலுறை நாய் பொம்மை ஞாபகம் வந்தது. விளம்பரத்தை நிறுத்தினால் 135 ஆர்டர், மிச்சம் 3,481. குறைவாக விற்று நாலு மடங்கு மிச்சம். ஆனால் பழைய வாடிக்கை எவ்வளவு நாள் வரும், புது ஆட்கள் வராமல் கடை ஓடுமா என்று அக்கா திருப்பிக் கேட்டாள். நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை.

நகைக் கடனைப் பற்றி இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசினோம். எளிதாகக் கிடைக்கும்போது வாங்கி வை என்பதுதான் அமேசான் கதை, நௌக்ரி கதை. ஆனால் அமேசான் பத்து வருடத் தவணைக்கு வாங்கியது, நௌக்ரி வாங்கியது திருப்பித் தர வேண்டாத முதலீடு. அக்கா வைக்கப் போவது ஒரு வருடத்தில் மீட்க வேண்டிய தாலிச் சங்கிலியும் நாலு வளையலும். பணம் வாங்கி வைப்பது என்ற ஒரே வார்த்தைக்குள் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது, இது எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது.

கடைசியில் முடிவு செய்தது அக்காதான். இப்போதைக்கு நகை வேண்டாம். முன்பணம் அனுப்புகிறவர்களுக்குப் புடவைக்கு 40 ரூபாய் தள்ளுபடி. நூறு ரூபாய் நின்றால் போதும், திரும்பி வராதே. விளம்பரம் இரண்டு மாதம் நிறுத்திப் பார்ப்பது. பேக்கிங் பண்ணும் பெண்ணை மட்டும் நிறுத்த மாட்டேன் என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், "அவ வீட்டு நெலமை உனக்குத் தெரியாது, சும்மா இரு" என்று அடக்கிவிட்டாள். சின்னாளப்பட்டிக்காரரை நேரில் பார்த்து, பாக்கியை மாதாமாதம் இவ்வளவு என்று குறைத்துக்கொண்டு வருகிறேன் என்று பேசப் போகிறாள். என்னையும் கூட வரச் சொல்லியிருக்கிறாள். வருகிற வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி பஸ்.